பிரான்சிஸ் ஸ்பிரிங்

சர் பிரான்சிஸ் ஜோசப் எட்வர்ட் ஸ்பிரிங் (1849 – 1933) பிரித்தானிய இந்தியாவில் பணியாற்றிய, அயர்லாந்து நாட்டைச் சேர்ந்த குடிசார் பொறியாளர் ஆவார். 1904 முதல் 1919 வரை சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக இருந்தார். கிழக்கு நோக்கி இருந்த துறைமுக வாயிலை மூடி, வடகிழக்கு மூலையில் புதிய வாயிலை அமைத்ததும், கரையோரமாக நகரும் மணலின் அளவையும் போக்கையும் ஆராய்ந்து எழுதியதும் இவருடைய முக்கியப் பணிகளாகும். கணித மேதை சீனிவாச இராமானுஜன் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபோது அவருக்கு ஆதரவளித்தவர் என்ற வகையிலும் இவர் அறியப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

ஸ்பிரிங் 1849 ஆம் ஆண்டு பிறந்தார். டப்ளின் நகரிலுள்ள டிரினிட்டி கல்லூரியில் பயின்றார். பின்னர் இந்திய அரசின் பொதுப்பணித் துறையில் பொறியாளராகச் சேர்ந்து இந்தியா வந்தார். இந்தியாவில் இருப்புப் பாதைகள் வேகமாக விரிவடைந்து கொண்டிருந்த காலம் அது. பெரிய ஆறுகளைக் கடக்கும் பாலங்கள் அமைப்பதே அன்றைய பொறியாளர்களுக்கு இருந்த கடினமான சவாலாகும். ஸ்பிரிங்கின் பணிக்காலத்தின் முதற்பகுதி பெரும்பாலும் இருப்புப் பாதைத் துறையிலேயே கழிந்தது. கிழக்குக் கடற்கரை இரயில்வேயின் கட்டுமானத்தில் இவருக்கு முக்கியப் பங்குண்டு. கங்கை ஆற்றின் குறுக்கே சாரா என்னுமிடத்தில் பாலம் அமைப்பது குறித்து 1902 ஆம் ஆண்டு விரிவான அறிக்கை ஒன்றைத் தயாரித்தார். 1915 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஹார்டிங்கு பாலம் அங்குதான் அமைந்துள்ளது. இது தற்போது வங்காளதேசத்தில் உள்ளது.

ஆற்று மணல் பற்றிய ஆய்வு

வட இந்தியாவின் சமவெளி ஆறுகள் வண்டல் மணலின் மேல் ஓடுபவை. வெள்ளக் காலத்தில் அவை படுகையை ஆழமாக அரித்துவிடும். சில ஆண்டுகளில் முற்றிலும் வேறு வழியில் ஓடத் தொடங்கிவிடும். எனவே பாலத்தை உறுதியாகக் கட்டினால் மட்டும் போதாது. ஆறு பாலத்தை விட்டு விலகிப் போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்காக ஜே. ஆர். பெல் என்ற பொறியாளர் வழிகாட்டுக் கரை முறையை உருவாக்கினார். பாலத்தின் இரு புறமும் கற்கள் பதித்த நீண்ட கரைகளை எழுப்பி, ஆற்றை அவற்றின் இடையே ஓடச் செய்வதே இம்முறையாகும்.

ஸ்பிரிங் இம்முறையை விரிவாக ஆராய்ந்தார். 1903 ஆம் ஆண்டு இந்திய அரசின் தொழில்நுட்ப வெளியீடாக வந்த இவருடைய நூல், வழிகாட்டுக் கரைகளின் நீளம், வளைவு, கற்பதிப்பின் கனம் ஆகியவற்றுக்கு விதிகளை வகுத்தது. மணல் மிகப் பருமனானதா, நடுத்தரமானதா, மிக நுண்ணியதா என்பதையும், ஆறு ஒரு மைலுக்கு எத்தனை அங்குலம் சரிகிறது என்பதையும் கொண்டு கற்பதிப்பின் கனத்தைத் தரும் இவருடைய அட்டவணை இந்தியாவின் நீரியல் பொறியியல் பாடநூல்களில் இன்றும் இடம்பெறுகிறது. படுகையிலுள்ள மணலின் தன்மையை அறிந்தால் நீர் அதனை என்ன செய்யும் என்று முன்கூட்டியே ஓரளவு கூறலாம் என்பது இந்த அட்டவணையின் அடிப்படைக் கருத்து. அடுத்த ஆண்டு சென்னைக்கு வந்த ஸ்பிரிங், இதே வகைக் கேள்வியைக் கடலில் எதிர்கொண்டார்.

ஸ்பிரிங் வருவதற்கு முன் சென்னைத் துறைமுகம்

சென்னையில் இயற்கைத் துறைமுகம் இல்லை. கடற்கரை நேராகவும் திறந்தும் இருப்பதால் ஆண்டு முழுவதும் அலைகள் கரையில் மோதிக்கொண்டே இருக்கும். கப்பல்கள் கரையிலிருந்து விலகித் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணியில்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்யப்பட்ட மசூலாப் படகுகளிலேயே மக்களும் சரக்குகளும் கரை சேர்ந்தனர். 1861 ஆம் ஆண்டு இரும்பாலான பாலத்துறை ஒன்று அமைக்கப்பட்டது. புயல்களால் அது சேதமுற்றதால், அலைகளைத் தடுத்து அமைதியான நீர்ப்பரப்பை உருவாக்க வேண்டும் என்ற முடிவுக்கு அரசு வந்தது.

வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளரின் திட்டப்படி 1870களின் நடுவில் பணிகள் தொடங்கின. ஒன்றுக்கொன்று சுமார் 3000 அடி இடைவெளியில் இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் கரையிலிருந்து கடலுக்குள் கட்டப்பட்டன. அவற்றின் நுனிகள் ஒன்றை நோக்கி ஒன்று திரும்பி, நடுவில் கிழக்கு நோக்கிய வாயில் ஒன்றை விட்டன. பணி முடியும் தறுவாயில், 1881 நவம்பர் 12 அன்று வீசிய புயல் சுவர்களைப் பெருமளவு சிதைத்தது. சீரமைப்புப் பணிகள் 1890களின் நடுப்பகுதி வரை நீடித்தன.

சீரமைத்த பின்னரும் இரண்டு குறைகள் இருந்தன. வாயில் நேராகக் கிழக்கு நோக்கி இருந்ததால் வங்காள விரிகுடாவின் அலைகள் உள்ளே புகுந்தன. உள்ளே நின்ற கப்பல்களும் ஆடிக்கொண்டே இருந்தன. மணல் இரண்டாவது குறையாகும். புயல் ஒரே நாளில் சேதம் விளைவிப்பது. மணலோ ஒவ்வோர் ஆண்டும் சிறிது சிறிதாக வாயிலை நெருங்கிக் கொண்டிருந்தது.

கரையோர மணல் நகர்வு

அலைகள் கரையைச் சாய்வாக வந்து தாக்கும்போது மணலை மேலேற்றி, சற்றுத் தள்ளிக் கீழிறக்குகின்றன. இவ்வாறு கோடிக்கணக்கான அலைகள் சேர்ந்து மணலைக் கரையோரமாக நகர்த்துகின்றன. சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் தெற்கிலிருந்து சாய்ந்து வருவதால் மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் இது தெற்கு நோக்கித் திரும்புகிறது. வடக்கு நோக்கிய நகர்வு நீண்ட மாதங்கள் நடைபெறுவதால், ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணல் வடக்கே செல்கிறது.

இம்மணலின் பாதையில் கடலுக்குள் நீளும் சுவர் ஒன்றைக் கட்டினால் மணல் அதன் தென்புறத்தில் தேங்கும். வடபுறத்துக் கரைக்கு வழக்கமாக வந்து சேரும் மணல் நின்றுவிடும். ஆனால் அங்கிருந்து மணலை எடுத்துச் செல்லும் அலைகள் நிற்பதில்லை. எனவே தெற்கே கரை வளரும், வடக்கே கரை தேயும். சென்னையில் துறைமுகம் கட்டத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே இவ்விரண்டும் கண்கூடாகத் தெரிந்தன. தெற்கே வளர்ந்த கரை, தென் சுவரின் நீளத்தைக் கடந்து அதன் முனையைச் சுற்றிக்கொண்டால் மணல் கிழக்கு வாயிலின் முன் திட்டாகப் படியும். பெரும் பொருட்செலவில் கட்டி, புயலுக்குப் பின் மீண்டும் கட்டிய துறைமுகம் கப்பல்கள் நுழைய முடியாத குளமாகிவிடும் என்ற அச்சம் பொறியாளர்களிடையே இருந்தது.

கடலடியை அளந்த முறை

ஒலி அலைகளைக் கொண்டு ஆழம் அளக்கும் கருவிகள் அக்காலத்தில் இல்லை. அளவுக் குறிகள் இட்ட கயிற்றில் ஈயக் குண்டைக் கட்டிப் படகிலிருந்து இறக்கி ஆழம் பார்த்தனர். குண்டின் அடியிலுள்ள குழியில் கொழுப்பைத் தடவி வைப்பது வழக்கம். அதில் ஒட்டிக்கொண்டு வரும் துகள்களைக் கொண்டு அடியில் இருப்பது மணலா, சேறா, கிளிஞ்சலா என்று அறிந்தனர். கரையிலுள்ள நிலையான குறிகளுக்கு இடையேயான கோணங்களை அளந்து படகு நின்ற இடத்தை வரைபடத்தில் குறித்தனர். இவ்வாறு நூற்றுக்கணக்கான புள்ளிகளைச் சேர்த்துச் சம ஆழக் கோடுகள் வரையப்பட்டன.

ஒரே ஒரு வரைபடம் கடலடியின் ஒரு நாளைய நிலையை மட்டுமே காட்டும். வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த வரைபடங்களை ஒப்பிடும்போதுதான் மணலின் நகர்வு தெரிகிறது. கரைக்கோடு எவ்வளவு முன்னேறியது, கடலடி எந்த ஆழம் வரை உயர்ந்தது ஆகிய இரண்டும் கிடைத்தால், ஓர் ஆண்டில் தேங்கிய மணலின் கன அளவைக் கணக்கிடலாம். அதிலிருந்து சுவரின் முனையை மணல் எப்போது எட்டும் என்று மதிப்பிடலாம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கரை எல்லா ஆண்டுகளிலும் ஒரே வேகத்தில் முன்னேறுவதில்லை. மணல் சேரச் சேரக் கரைக்கோடு அலைகள் வரும் திசைக்கு நேராகத் திரும்புகிறது. நிரம்ப வேண்டிய நீரின் ஆழமும் கூடுகிறது. எனவே முன்னேற்றம் நாளடைவில் மெதுவாகிறது. முதல் சில ஆண்டுகளின் வேகத்தை அப்படியே நீட்டிப் பார்த்தால் துறைமுகத்தின் ஆயுள் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத் தோன்றும். மாறாக, வேகம் குறைவதை மட்டும் பார்த்து மணல் நின்றுவிட்டது என்று எண்ணுவதும் தவறாகும். தேங்காத மணல் சுவரைக் கடந்து போகத் தொடங்கியிருக்கும்.

சென்னைக் கரையில் ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் டன் மணல் வடக்கு நோக்கி நகர்வதாக அக்காலத்தில் கணக்கிடப்பட்டது. பிற்காலக் கடற்கரைப் பொறியியல் நூல்கள் சென்னைக்குத் தரும் மதிப்பு ஆண்டுக்கு ஐந்தரை இலட்சம் கன மீட்டருக்குச் சற்று மேற்பட்டதாகும். எடையாக மாற்றினால் இதுவும் ஏறக்குறைய அதே அளவே. ஸ்பிரிங் சென்னைத் துறைமுகத்தையொட்டிய கரையோர மணல் நகர்வு பற்றியும், துறைமுகத்தின் மறுசீரமைப்புப் பற்றியும் எழுதிய கட்டுரைகள் இலண்டனிலுள்ள குடிசார் பொறியாளர்கள் கழகத்தின் வெளியீடுகளில் இடம்பெற்றன. நீண்டகால அளவீடுகள் கிடைத்த தொடக்ககால எடுத்துக்காட்டுகளில் ஒன்று என்பதால், சென்னை உலக அளவில் மணல் நகர்வுக்குச் சான்றாகக் காட்டப்படும் இடமாயிற்று.

துறைமுக மறுசீரமைப்பு

ஸ்பிரிங் 1904 ஆம் ஆண்டு தலைவர் பொறுப்பை ஏற்றார். 1905 ஆம் ஆண்டின் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகச் சட்டம் கழகத்திற்குப் புதிய அமைப்பைத் தந்தது. மணலை நிறுத்த முடியாது என்பதை அடிப்படையாகக் கொண்டே புதிய திட்டம் அமைந்தது. கிழக்கு வாயில் மூடப்பட்டது. வடகிழக்கு மூலையில் புதிய வாயில் திறக்கப்பட்டு, அதனைக் காக்க வடக்கு நோக்கி நீளும் காப்புச் சுவர் ஒன்று கட்டப்பட்டது. 1910களின் தொடக்கத்தில் இம்மாற்றம் நடைமுறைக்கு வந்தது.

இதனால் இரண்டு பயன்கள் கிடைத்தன. முதலாவதாக, கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும் அலைகள் நேராக உள்ளே புகவில்லை. இரண்டாவதாக, தெற்கிலிருந்து வரும் மணல் வாயிலை எட்ட வேண்டுமானால் கிழக்குச் சுவர் முழுவதையும் ஆழமான நீரில் கடந்தாக வேண்டும். மணலுக்கும் வாயிலுக்கும் இடையிலான தொலைவு கூடியதால் துறைமுகத்திற்குப் பல ஆண்டு அவகாசம் கிடைத்தது. எனினும் ஓரளவு மணலும், அமைதியான உள்நீரில் படியும் நுண்ணிய வண்டலும் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தன. அவற்றைத் தூர்வாரி அகற்றுவது துறைமுகத்தின் நிரந்தரச் செலவாயிற்று.

உட்புறத்திலும் பெரிய மாற்றங்கள் செய்யப்பட்டன. கப்பல்கள் நேரடியாகக் கரையோரம் அணைந்து சரக்கு இறக்கும் துறைகள் கட்டப்பட்டன. 1920 ஆம் ஆண்டின் முடிவில் மேற்குத் துறையில் நான்கும், கிழக்குத் துறையிலும் தெற்குத் துறையிலும் ஒவ்வொன்றுமாக அணையுமிடங்கள் இருந்தன. சரக்குக் கொட்டகைகள், கிடங்குகள், இருப்புப் பாதை முற்றம் ஆகியனவும் அமைந்தன. மசூலாப் படகுகளின் காலம் படிப்படியாக முடிவுக்கு வந்தது.

முதல் உலகப் போரின் தொடக்கத்தில், 1914 செப்டம்பர் 22 இரவு செருமானியப் போர்க்கப்பலான எம்டன் சென்னையின் மீது குண்டுகளை வீசியது. துறைமுகத்தை ஒட்டியிருந்த எண்ணெய்க் கிடங்குகள் தீப்பற்றி எரிந்தன. அப்போதும் ஸ்பிரிங்கே துறைமுகத்தின் தலைவராக இருந்தார்.

இராமானுஜனுடன் தொடர்பு

சீனிவாச இராமானுஜன் 1912 மார்ச் 1 அன்று துறைமுகக் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். தலைமைக் கணக்கரான எஸ். நாராயண ஐயர் தாமே கணிதம் பயின்றவர். அவர் இராமானுஜனின் திறமையை ஸ்பிரிங்கின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். ஸ்பிரிங் உயர்கணிதம் அறிந்தவர் அல்லர். ஆனால், தமது அலுவலகத்தில் இருப்பவரின் தகுதியை அறியத் தக்கவர்களிடம் அவருடைய ஆக்கங்களைக் கொண்டுசேர்க்க உதவினார்.

1913 பிப்ரவரியில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைவரான கில்பர்ட் வாக்கர் துறைமுகத்திற்கு வந்தபோது இராமானுஜனின் குறிப்பேடு அவரிடம் காட்டப்பட்டது. கணிதத்தில் தேர்ந்தவரான வாக்கர் உடனே சென்னைப் பல்கலைக்கழகத்திற்குப் பரிந்துரை எழுதினார். அதன் பயனாக இராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. 1914 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பும் முயற்சி நடந்தபோது, ஸ்பிரிங் ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அலுவலகத்திற்கு எழுதி ஆதரவு கோரினார். பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை வழங்கியது. இராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று நெவாசா என்ற கப்பலில் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டார்.

பிற பணிகளும் இறுதிக் காலமும்

ஸ்பிரிங் பாய்மரப் படகோட்டத்தில் ஆர்வம் கொண்டவர். 1911 ஆம் ஆண்டு இவர் தொடங்கிய சென்னைப் படகோட்டக் கழகம் இன்றும் இயங்கிவருகிறது. அதே ஆண்டில் பிரித்தானிய அரசு இவருக்கு நைட் பட்டம் வழங்கியது. 1919 ஆம் ஆண்டு தமது எழுபதாம் வயதில் துறைமுகப் பொறுப்பிலிருந்து விலகினார். 1933 ஆம் ஆண்டு காலமானார்.

பின்விளைவுகளும் மதிப்பீடும்

ஸ்பிரிங்கின் மறுசீரமைப்புத் துறைமுகத்தைக் காத்தது, கரையைக் காக்கவில்லை. சுவர்கள் இருக்கும் வரை தெற்கே மணல் சேர்வதும் வடக்கே கரை அரிபடுவதும் தொடர்ந்தன. மெரீனா கடற்கரையின் இன்றைய அகலம் பெரும்பாலும் இவ்வாறு சேர்ந்த மணலால் ஆனது. துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் கடல் சாலையை ஒட்டியே இருந்தது. சில இடங்களில் மணற்பரப்பு இன்று 400 மீட்டருக்கும் மேல் அகன்றுள்ளது. இதே மணல் கூவம் ஆற்றின் முகத்துவாரத்தில் திட்டாகப் படிந்து, ஆற்று நீர் கடலில் கலப்பதைத் தடுக்கிறது.

வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கரை நேர்மாறான நிலையை அடைந்தது. அங்குக் கடல் சில நூறு மீட்டர் உட்புகுந்தது. மீனவர்கள் வீடுகளையும், வலை உலர்த்தவும் படகுகளை ஏற்றி வைக்கவும் பயன்பட்ட மணற்கரையையும் இழந்தனர். கரையோரச் சாலை பலமுறை சேதமுற்றது. கருங்கற் சுவர்களும், 2000களில் அமைக்கப்பட்ட தூண்டில் வளைவுகளும் இராயபுரம் பகுதிக்குப் பாதுகாப்பளித்தன. ஆனால் ஓரிடத்தில் தடுக்கப்பட்ட அரிப்பு அதற்கு வடக்கேயுள்ள இடத்திற்கு நகர்வது வழக்கமாகும். நகரின் தென்பகுதி பெற்ற கடற்கரைக்கு உரிய விலையை வடசென்னை மக்களே கொடுத்தனர் எனலாம்.

சென்னையின் அனுபவம் பின்னர் கட்டப்பட்ட துறைமுகங்களுக்குப் பாடமாக அமைந்தது. ஸ்பிரிங் காலமான 1933 ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்ட விசாகப்பட்டினம் துறைமுகத்தில், பழைய கப்பல்கள் இரண்டை மூழ்கடித்து அலைதடுப்பு உருவாக்கினர். அதன் மறைவில் தேங்கும் மணலைத் தூர்வாரி எடுப்பதே நோக்கமாகும். அங்கு மணலுக்கெனத் தனி இடம் தொடக்கத்திலேயே ஒதுக்கப்பட்டது. ஒடிசாவின் பாராதீப் துறைமுகத்தில், தேங்கும் மணலை மறுபுறத்துக் கரைக்கு அனுப்பும் ஏற்பாடு செய்யப்பட்டது. எனினும் எல்லா இடங்களிலும் இப்பாடம் பின்பற்றப்படவில்லை. புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் கட்டப்பட்ட பின் நகரின் மணற்கடற்கரை பெரும்பாலும் மறைந்து, கருங்கற்கள் மட்டுமே எஞ்சின.

இன்று கடலடியின் வடிவம் பல்கற்றை எதிரொலிக் கருவிகளால் சில மணி நேரத்தில் வரையப்படுகிறது. படிவு மாதிரிகள் ஆய்வகத்தில் சலிக்கப்பட்டுத் துகளின் பருமன் துல்லியமாக அறியப்படுகிறது. அலை, நீரோட்டம், மணல் ஆகிய மூன்றையும் இணைத்துக் கணிக்கும் கணினி மாதிரிகளும் உள்ளன. இம்மாதிரிகளின் கணிப்பு சரியா என்று சோதிக்கப் பல பத்தாண்டு கால அளவீடுகள் தேவை. சென்னையில் ஈயக் குண்டையும் கயிற்றையும் கொண்டு தொடர்ந்து எடுக்கப்பட்ட ஆழ அளவீடுகள் அத்தகைய சான்றுகளுள் அடங்கும்.

சென்னைத் துறைமுகம் ஸ்பிரிங்கின் காலத்திற்குப் பின் 1964 ஆம் ஆண்டில் ஜவகர் துறை, 1970களில் பாரதி துறை எனத் தெற்கும் வடக்குமாக விரிவடைந்தது. 2022 முதல் இது சென்னைத் துறைமுக ஆணையம் என்ற பெயரில் இயங்குகிறது. தென்புறத்தில் மணல் இன்றும் சேர்ந்துகொண்டிருக்கிறது.